கொட்டுவது முடிதான், வேர் அல்ல. ஆனால் அந்தப் பொருக்கை உடனே காட்டுங்கள்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 32 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளின் கதவு, நிலை, தூண்களை வாங்கி, இழைத்து மெருகேற்றிக் காரைக்குடியில் விற்பது அவர் தொழில். ஆவணியில் கல்யாணம். அதற்காக வைகாசியில் மதுரையில் ஒரு கிளினிக்கில் முடி நடவு செய்துகொண்டார். எஃப்.யு.இ. முறையில் பின்னந்தலையிலிருந்து ஒவ்வொரு வேர்க்காலாக எடுத்து, முன்னந்தலையில் 2,800 கிராஃப்ட் (எடுத்து நடும் வேர்க்கால் துணுக்கு) வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்று 26-ஆம் நாள்.

நான்காம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண் இமைவரை இறங்கியதில் வீடே பயந்துபோயிருக்கிறது. உடம்புச் சூடு என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக்கை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். 18-ஆம் நாளிலிருந்து நட்ட முடி கொட்டுகிறது. நுனியில் வெள்ளையாக வேர் தெரிகிறதாம். அவற்றை ஒரு தாளில் சேர்த்து வைத்திருக்கிறார். 'எண்ணெய் வைக்காததால்தான் கொட்டுகிறது' என்கிறார் அம்மா. கரிசலாங்கண்ணித் தைலம் தயாராக இருக்கிறது. புண் ஆற வேண்டுமென்று வீட்டில் கோழி, முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியாயிற்று. கல்யாணம் கூடினால் குன்றக்குடியில் மொட்டை என்று வேண்டுதல் வேறு இருக்கிறது. ஆடிக்குள் முடிக்க வேண்டும். கிளினிக்கில் பி.ஆர்.பி. என்ற ஊசியை ஆறு தவணை போட்டால்தான் முடி நிற்கும் என்கிறார்கள். வழுக்கையைத் தடுக்கத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை குழந்தைப்பேற்றைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல, அதையும் நிறுத்திவிட்டார். நாளுக்கு ஆறு சிகரெட் பிடிப்பவர். ஒரு வாரம் விட்டிருந்து மறுபடி தொடங்கிவிட்டார். இரண்டு வருடம் முன்பு சுகர் 'பார்டரில்' இருக்கிறது என்றார்களாம்.

கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறார்: 'மற்ற பொருக்கெல்லாம் விழுந்துவிட்டது. நடுவில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு மட்டும் கறுத்து, ஓரம் மஞ்சளாகத் தடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. லேசாக வாடை வருகிறது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம் போடுகிறேன். அது தானாகச் சரியாகிவிடும்தானே?'

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு முடி கொட்டுவதைப் பற்றியது. அதற்காக நீங்கள் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட வேண்டியதில்லை. போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து உடனே பதில் எழுத வைத்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஒரு பொருக்கு

முடி நடவில் ஒவ்வொரு கிராஃப்ட்டைச் சுற்றியும் கடுகளவு ரத்தப்பொருக்கு கட்டும். ஒழுங்காகக் கழுவினால் 10 முதல் 14 நாளுக்குள் எல்லாம் உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பான தோல் தெரியும். உங்களுக்கும் மற்ற இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் 26 நாளாகியும், நாணயம் அகலத்துக்கு ஒரே பாளமாக, கறுத்தும் மஞ்சளாகவும், வாடையோடு ஒட்டியிருக்கிறது என்றால் அதைச் சாதாரணப் பொருக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் அடியில் ஆறாத புண் இருக்கலாம், சீழ் இருக்கலாம். ரத்த ஓட்டம் போதாமல் தோலின் மேல்பகுதி கொஞ்சம் செத்துப்போயிருக்கவும் கூடும். இந்த மூன்றில் எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரத்த ஓட்டம் குறைந்து தோல் கறுப்பது அபூர்வம். வரும்போது பெரும்பாலும் முன்னந்தலையின் நடுப்பகுதியில்தான் வரும். நெற்றியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும் ரத்தக்குழாய்களின் கடைசிக் கிளைகள் சேரும் இடம் அது. அங்கே நெருக்கி நெருக்கி நட்டால், ஒவ்வொரு துளையும் கொஞ்சம் ரத்தக்குழாயை வெட்டும். அதோடு சிகரெட்டும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். நிகோடின் தோலின் சிறு குழாய்களைச் சுருக்குகிறது. சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறுவது தாமதப்பட்டுக் கிருமியும் எளிதில் பிடிக்கிறது. உங்களிடம் சிகரெட் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கக்கூடும். பயமுறுத்த இதை எழுதவில்லை; 'இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகத்தான்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். கிளினிக்குக்கே போக மதுரை தூரமென்றால் காரைக்குடியிலேயே காட்டலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கும் போகலாம். புண்ணைப் பார்க்க முடி நடவு செய்தவரேதான் வேண்டும் என்பதில்லை. மருத்துவர் பொருக்கை ஊறவைத்து மெல்ல எடுத்து அடியைப் பார்ப்பார். சீழ் இருந்தால் பஞ்சில் தொட்டுக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் தருவார். கூடவே ஹெச்.பி.ஏ.1சி. என்ற ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும். 5.7 முதல் 6.4 வரை இருந்தால்தான் நீங்கள் சொல்லும் 'பார்டர்'; 6.5-ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. இரண்டு வருடம் முந்தைய பேச்சை வைத்துக்கொண்டு இன்று முடிவு செய்ய முடியாது.

மருத்துவரைப் பார்க்கும்வரை நகத்தால் நோண்டாதீர்கள். பிய்த்தால் அடியில் ஆறிக்கொண்டிருக்கும் தோலும் சேர்ந்து வரும். மெடிக்கலில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும். சுத்தமான காஸ் துணியை அதில் நனைத்து, காலையும் மாலையும் பத்து நிமிடம் பொருக்கின் மேல் வைத்து எடுங்கள், போதும். சலைன் கிடைக்கவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, தூள் உப்பு தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி கலந்துகொள்ளலாம். தினமும் புதிதாகத் தயாரியுங்கள்.

மெடிக்கலில் வாங்கிய க்ரீமை இன்றே நிறுத்துங்கள். அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. படர்தாமரை முதல் பருவரை எல்லாவற்றுக்கும் நம் ஊர் மெடிக்கல்களில் எடுத்துக் கொடுக்கும் 'மூன்று மருந்து கலந்த' க்ரீம்களில் பலவற்றில் அது இருக்கும். போட்ட இரண்டு நாளில் சிவப்பும் அரிப்பும் குறையும், குணமானது போலவே தோன்றும். ஆனால் அடியில் கிருமி வளரும், புண் மூடுவது தாமதமாகும். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பார். புண்ணை அவர் பார்க்கவில்லையே.

சில அறிகுறிகள் வந்தால் காலை ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், நாளுக்கு நாள் கூடும் விண்விண்ணென்ற வலி, பொருக்கைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, கறுப்பின் அளவு பெரிதாவது, சீழ் வடிவது, கண் இமை வலியோடு வீங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த இடத்தில் வைத்த கிராஃப்ட்டுகள் பிழைக்குமா? கொஞ்சம் போயிருக்கலாம். புண் ஆழமில்லையென்றால் பெரும்பாலானவை தப்பும். ஆழமாக இருந்தால் சிறு தழும்பு விழுந்து அந்த இடம் முடியில்லாமல் நிற்கலாம். அப்போதும் ஒரு வருடம் கழித்து, தோல் நன்றாக இளகிய பிறகு, அந்தச் சின்ன இடத்தில் திரும்ப நடலாம். இப்போது காப்பாற்ற வேண்டியது தோலை.

தாளில் சேர்த்து வைத்த முடி

இனி உங்களை உண்மையில் வாட்டும் விஷயம். தாளில் இருக்கும் முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் கசகசா அளவுகூட இல்லாத, காய்ந்த வெள்ளைக் குமிழ் தெரியும். சிலவற்றில் அதோடு பொருக்குத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதைத்தான் வேர் என்று நினைத்துவிட்டீர்கள். அது முடித்தண்டின் அடிமுனை மட்டுமே. முடியை உருவாக்கும் வேர்க்கால் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. தினமும் தலை வாரும்போது சீப்பில் வரும் முடியிலும் இதே வெள்ளைக் குமிழ் இருக்கும்.

கிராஃப்ட்டே பிடுங்கிக்கொண்டு வந்தால் அது வேறு மாதிரி இருக்கும். முடியைச் சுற்றி ஈரமான சதைத் துணுக்கு இருக்கும். வந்த இடத்தில் சொட்டு ரத்தமாவது கசியும். அது நடப்பது முதல் சில நாட்களில், தலை எங்காவது இடித்தாலோ சொறிந்தாலோதான். ஒன்பது, பத்து நாளைக்கு மேல் கிராஃப்ட் தோலோடு ஒட்டிவிடும். அதன் பிறகு முடியை இழுத்தாலும் முடிதான் வரும். உங்களுக்குக் கொட்டத் தொடங்கியது 18-ஆம் நாள், ரத்தமும் இல்லை. ஆகவே சந்தேகத்துக்கே இடமில்லை.

வேர்க்காலைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கும்போது சில மணி நேரம் அதற்கு ரத்தமே கிடையாது. அந்த அதிர்ச்சியில் அது ஓய்வுநிலைக்குப் போய், இருக்கும் முடியை உதிர்க்கிறது. நட்ட நாற்று முதலில் தலை வாடி, வேர் பிடித்த பிறகு பச்சை கட்டுகிற மாதிரிதான். இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நட்டதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த சொந்த முடியிலும் கொஞ்சம் கொட்டலாம்; அதில் பெரும்பாலானது மூன்று நான்கு மாதத்தில் திரும்பும். ஏற்கெனவே மெலிந்து கடைசி மூச்சில் இருந்த முடி மட்டும் திரும்பாமல் போகலாம்.

புது முடி எட்டிப் பார்ப்பது மூன்று, நான்கு மாதத்தில். முதலில் பூனைமுடி போல மெல்லியதாக, சில சமயம் சுருட்டையாக வரும். ஆறு மாதத்தில் பாதி விளைவு தெரியும், முழு விளைவுக்கு ஒரு வருடம் ஆகும். முளைக்கும்போது சில முடி தோலைத் துளைக்க முடியாமல் சிறு பருவாகக் கிளம்பும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிதுக்காதீர்கள். ஒரே நேரத்தில் கொத்தாகக் கிளம்பினாலோ சீழ் வைத்தாலோ மட்டும் காட்டுங்கள்.

நான்காம் நாள் வீக்கம் கிருமியால் வந்தது அல்ல. மரக்க வைக்கவும் ரத்தம் கசியாமலிருக்கவும் தலைத்தோலில் ஏற்றிய திரவம் கீழ்நோக்கி இறங்கியதுதான். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில் அது நெற்றிக்கும் இமைக்கும் வந்து, ஒரு வாரத்தில் வற்றும். அதைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் வீட்டார் அந்த இரண்டு நாள் அழுதிருக்க மாட்டார்கள். பின்னந்தலை மரத்துப்போயிருப்பதும் அவ்வப்போது சுருக்கென்று குத்துவதும் நுண்ணிய நரம்புகள் திரும்ப வளர்வதால். சில வாரங்களில் சரியாகும். சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். வெந்நீர் ஊற்றும்போது மட்டும் கவனம். சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும்.

எண்ணெய், பத்தியம், தூசி

உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கரிசலாங்கண்ணித் தைலம் கெட்ட பொருள் அல்ல. ஆனால் முடி கொட்டுவதற்கும் எண்ணெய் வைக்காததற்கும் சம்பந்தமில்லை. ஆறாத புண்ணின் மேல் எண்ணெய் வைத்தால் பொருக்கு இளகிக் கசகசத்து, தூசியும் கிருமியும் ஒட்டும். புண் முழுக்க மூடி, மருத்துவர் சரியென்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவும் நுனிவிரலால், தேய்க்காமல். சின்ன வெங்காயச் சாறு, எலுமிச்சை, மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். புதுத் தோலை எரித்து ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை இவை. சீயக்காயின் சொரசொரப்பும் இப்போது ஆகாது. குழந்தைகள் ஷாம்பூவை உள்ளங்கையில் நுரைத்து, நுரையை மட்டும் தலையில் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து மக்கில் மொண்டு தாழ்வாக ஊற்றிக் கழுவுங்கள். நாளுக்கு ஒரு முறை போதும். ஊருணி, கண்மாய்க் குளியல் புண் ஆறும்வரை கூடவே கூடாது.

பத்தியத்தில் கத்தரிக்காயை விட்டதால் நஷ்டம் ஒன்றுமில்லை. கோழி, முட்டை, மீனை நிறுத்தியதுதான் தப்பு. புண் ஆறுவதற்கும் முடி வளர்வதற்கும் வேண்டியது புரதம், இரும்பு, துத்தநாகம். செட்டிநாட்டு வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாதமாக ரசமும் அப்பளமுமாகச் சாப்பிடும்படி எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். இன்றைக்கே நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். புண் சீழ் பிடிப்பது கிருமியால், கோழியால் அல்ல.

உங்கள் தொழிலில் எனக்குக் கவலை தருவது தூசிதான். பழைய தேக்குத் தூணை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் பொடியில் பழைய பெயின்ட்டும் வார்னிஷும் கலந்திருக்கும். வியர்த்த தலையில் அது அப்பிக்கொள்ளும். புண் ஆறும்வரை தேய்க்கிற வேலையை ஆளிடம் விட்டுவிட்டுக் கடையில் உட்காருங்கள். குனிந்து கனமான நிலை, தூண் தூக்குவதும் அதுவரை வேண்டாம். வெயிலில் மூன்று மாதம் தலையை வெறுமனே காட்டாதீர்கள். புதுத் தோல் கறுத்து, கறை நிற்கும். தொப்பியோ பருத்தித் துண்டோ தளர்வாக இருக்கட்டும்.

பைக்கை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாதாரணமாக இரண்டு வாரத்துக்கு மேல் ஹெல்மெட் போடலாம். உங்களுக்கு அந்தப் பொருக்கு உரசும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டிவிடாதீர்கள். முடி பிறகு வரும், மண்டை வராது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்?

சிகரெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புண் ஆறும்வரையாவது ஒன்றுகூட வேண்டாம், பீடியும் ஹான்ஸும் சேர்த்துத்தான். தனியாக விட முடியவில்லையென்றால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள்.

குன்றக்குடி மொட்டையும் ஆவணிக் கல்யாணமும்

மொட்டை அடித்தால் வேர் வந்துவிடாது. கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் எடுக்கும். இருந்தாலும் ஆடியில் வேண்டாம் என்பதே என் கருத்து. அப்போது உங்களுக்கு இரண்டாவது மாதம். மரத்துப்போன, சிவந்த, மேடுபள்ளமான தோலில் கத்தி வெட்டினால் உங்களுக்குத் தெரியாது. அந்தப் புண் ஆறியிருக்குமா என்றே தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து, புது பிளேடு மாட்டச் சொல்லி அடித்துக்கொள்ளலாம். ஆடிக்குள் வேண்டுதலை நிறைவேற்றியே ஆக வேண்டுமென்றால் பூமுடி கொடுக்கும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. காதோரத்தில் கத்தரியால் ஒரு கொத்து கொடுத்துவிட்டு, மொட்டையை முதல் பிள்ளையோடு சேர்த்து அடிப்பதாக முருகனிடம் தவணை கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

கல்யாணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் உங்களுக்கு மூன்றாவது மாதம். முடி நடவு செய்தவர்களின் தலை மிக மோசமாகத் தெரியும் காலம் அதுதான். நட்டதும் கொட்டியிருக்கும், புதியதும் வந்திருக்காது. ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிடக் குறைவாகவே தெரியலாம். கல்யாண போட்டோவுக்காகச் செய்வதென்றால் குறைந்தது எட்டு, ஒன்பது மாதம் முன்பு செய்திருக்க வேண்டும். கிளினிக்கில் தேதியைக் கேட்டவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டியது அவர்கள் கடமை.

இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? பக்கவாட்டையும் பின்புறத்தையும் குட்டையாக வெட்டினால் முன்பக்கத்தின் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நட்ட இடத்தில் மெஷின் போட வேண்டாம், கத்தரி மட்டும். புண் முழுக்க ஆறியிருந்தால், முடியோடு ஒட்டிக்கொள்ளும் ஹேர் ஃபைபர் பொடியைக் கல்யாண நாளில் தூவிக்கொள்ளலாம், அன்றிரவே கழுவிவிடுங்கள். நலங்கில் தலையில் எண்ணெய் வைப்பது, மாப்பிள்ளை அழைப்பில் தலைப்பாகை இவற்றால் மூன்றாம் மாதத்தில் கிராஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் முடிவு. ஆனால் ஃபினாஸ்டிரைடு சாப்பிடப் போகிறீர்களென்றால் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். காரணம் அடுத்துச் சொல்வதில் இருக்கிறது.

மாத்திரையும் பி.ஆர்.பி.யும்

நட்ட முடி பின்னந்தலையிலிருந்து வந்தது. வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு அது பெரும்பாலும் அசையாது. அதைச் சுற்றியிருக்கும் உங்கள் பழைய முடி அப்படியல்ல; அது தன் பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே போகும். 32 வயதில் மருந்து இல்லாமல் விட்டால் சில வருடத்தில் நட்ட முடி தீவு மாதிரி முன்னால் நிற்க, பின்னால் காலியாகிவிடும். ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் அதற்காகத்தான்.

அது நிரந்தரமாக ஆண்மையைப் போக்கிவிடும், குழந்தையே பிறக்காது என்று பரவியிருப்பது மிகைப்படுத்தல். நூற்றில் சிலருக்கு நாட்டக் குறைவோ விறைப்புக் குறைவோ வரலாம். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்கள் சிலர் உண்டு. சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்திய பிறகு ஏறும். மனச்சோர்வு தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். கல்யாணமானதும் குழந்தை வேண்டுமென்று இருவரும் நினைத்தால், கரு உண்டான பிறகு மாத்திரையைத் தொடங்குவதிலும் தவறில்லை. அதுவரை தலையில் தடவும் மினாக்ஸிடில் என்ற முடி மருந்து போதும். அதையும் புண் முழுக்க மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும். உடைந்த, நொறுங்கிய ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கர்ப்பமாயிருக்கும் பெண்ணோ கர்ப்பமாகக்கூடிய பெண்ணோ கையால் தொடக்கூடாது. ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் மாத்திரை டப்பாவை எடுத்து வைப்பவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை ஊசியால் தலையில் போடுவது. மெலிந்த முடிக்குச் சிலரிடம் ஓரளவு பயன் தெரிகிறது. 'போடாவிட்டால் நட்டது நிற்காது' என்பது மட்டும் உண்மை அல்ல. பி.ஆர்.பி. இல்லாமலே முடி நடவு பலருக்கு நன்றாக வருகிறது. ஆறாத புண் இருக்கும் தலையில் ஊசி குத்த யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஆறு தவணைக்கான பணத்தை முன்கூட்டிக் கட்டவும் வேண்டாம்.

கிளினிக்கிடம் கேட்க வேண்டியவை

'டாக்டர் தொடக்கத்தில் வந்து கோடு போட்டுவிட்டுப் போனார், மீதி முழுக்க டெக்னீஷியன்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி முடி நடவு, முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர் செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சை. உதவியாளர்கள் உதவலாம், பொறுப்பு மருத்துவருடையது. 2016-இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன் பின் உயிரிழந்தார். அழகுக்கடைச் சமாசாரமாக இதை எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள்: அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, கிராஃப்ட் எண்ணிக்கை, கொடுத்த மருந்துகள், மரப்பு மருந்தின் அளவு, செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும், முன்பின் படங்கள். மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பொருக்கைத் தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பில் கிளினிக்குக்கும் அனுப்புங்கள். அவர்கள் பதிலையும் அழிக்காமல் வையுங்கள்.

முடி கொட்டியதற்கு வழக்கு நிற்காது, அது இயல்பு. இந்தப் பொருக்கு வந்ததுகூடத் தனியாகக் கவனக்குறைவு ஆகாது. மிகக் கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இது வரும். சிகரெட்டையும் சுகரையும் முன்பே கேட்டார்களா, காட்டியபோது பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. 'நூறு சதவீத காரண்டி' என்று அச்சடித்துக் கொடுத்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நேர்மையான மருத்துவர் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. விளைவு முழுதாகத் தெரிய ஒரு வருடமாகும். ஆகவே இப்போது சண்டைக்கு அவசரமில்லை.

நாளைக்கு மருத்துவரிடம் போகும்போது ஆபரேஷனன்று தந்த மருந்துச் சீட்டையும், பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் அட்டையையும், அந்த க்ரீம் டியூபையும் எடுத்துப் போங்கள். மூன்று நாளோடு நிறுத்தியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்; அடுத்து எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே அதைப் பொறுத்தது. மிச்சமிருக்கும் இரண்டு நாள் மாத்திரையை மட்டும் நீங்களாக இப்போது விழுங்கிவிடாதீர்கள்.